இரண்டாவது தாள்

போன புதன்கிழமை தேத்தண்ணி நேரத்திலை நீங்கள் எல்லாரும் பரம்பரைக் கதை கதைச்சுக்கொண்டிருக்க, நான் வாய் திறக்கேல்லை. கவனிச்சியளோ தெரியாது. ஒராளின்ரை பேரன் குழாய்க்குள்ளை துப்பி அனுப்பி, தனக்குள்ளை ஏழெட்டு நாட்டு இரத்தம் ஓடுதெண்டு கண்டுபிடிச்சானாம். இன்னொருத்தி தன்ரை பூட்டன் ஊர் அதிகாரி, உடையார் எண்டா. எதிர்க் கதிரைக்காரி விடேல்லை. "லண்டனுக்கு வந்த எல்லாருக்கும் பூட்டன் உடையார்தான். அப்ப ஊரிலை தோட்டம் கொத்தினது ஆரப்பா?" எண்டு கேட்டா. கிங்ஸ்பரி மண்டபமே சிரிச்சுது. நானும் சிரிச்சன்.

நான் பேசாமல் இருந்தால் சுகமில்லையாக்கும் எண்டு நினைக்கிற ஆக்கள் நீங்கள். சுகத்துக்கு ஒரு குறையுமில்லை. பன்னிரண்டு வயசிலை நான் ஒரு தாள் களவெடுத்தனான். ஒரு மனிசன்ரை பரம்பரையிலை ஒரு தாள். அதைத் திருப்பிக் குடுத்து மூண்டு கிழமைதான் ஆகுது. அதைச் சொன்னால்தான் எனக்கு மற்றக் கதை வரும். தேத்தண்ணி ஆறட்டும், கேளுங்கோ.

உங்களிலை கனபேர் ஊரிலை பிரச்சினை தொடங்கினாப் பிறகு வந்தனீங்கள். நாங்கள் அதுக்குக் கொஞ்சம் முந்தி. அப்பா படிக்க வந்து, படிப்பு முடிஞ்சு ஒரு கந்தோரிலை வேலை எடுத்து, பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டவர். லூயிஷாமிலை சந்தைக்குப் பின்பக்கம், ஒண்டோடை ஒண்டு ஒட்டிக் கட்டின வீடுகளிலை ஒண்டு எங்கடை. முன்னறைச் சுவரிலை செம்மஞ்சள் பூப் போட்ட கடதாசி. அந்த அறையிலை ஒரு காஸ் ஹீட்டர். அதுக்கு முன்னாலை ஆர் இருக்கிறதெண்டு ஒவ்வொரு நாளும் சண்டை. சனிக்கிழமை பின்னேரம் சந்தை கலையேக்கை அம்மா போய் பார்ஸ்னிப் அள்ளிக்கொண்டு வருவா. அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைச்சு, பிலாக்காய் மாதிரி இருக்கெண்டு சாதிப்பா. இருக்காது.

எங்களோடை சின்ன மாமியும் இருந்தவ. அப்பான்ரை ஒரே தங்கச்சி. ஆஸ்பத்திரியிலை நர்ஸ். அப்ப அவவுக்கு முப்பது முடியப் போகுது. தாய் தேப்பன் இல்லாத தங்கச்சியைக் கரை சேர்க்கிறது தன்ரை பொறுப்பெண்டு அப்பா நாளுக்கு மூண்டு தரம் சொல்லுவார். ரெண்டு இடத்திலை பேசி, ரெண்டும் குழம்பினது. நானும் மாமியும் ஒரே அறையிலைதான் படுக்கிறது. ரெண்டாவது சம்பந்தம் குழம்பின நாள், மாமி சேலையை மடிச்சுச் சூட்கேசுக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு, திறப்பை என்னட்டைத் தந்து, "இதை எங்கையாவது துலைச்சு விடு, குஞ்சு" எண்டவ. நான் துலைக்கேல்லை. மேசை லாச்சியிலை போட்டு வைச்சனான்.

அப்பாக்கு ஒரு வருத்தம், மருந்தில்லாத வருத்தம் இருந்தது. உங்களிலையும் சிலபேருக்கு இருக்கு, நான் பேர் சொல்லேல்லை. தமிழ் முகம் ஒண்டைக் கண்டால் போதும், ட்ரெயினிலை எண்டாலும் சரி, "தம்பி எந்த ஊர்? ஆற்றை மகன்?" எண்டு தொடங்குவார். மூண்டாவது கேள்வியிலை அந்தப் பெடியன்ரை மாமன்ரை காணிக்கு வடக்கெல்லை எதெண்டு அப்பா சொல்லிப்போடுவார்.

அப்பிடிப்பட்ட வீட்டுக்கு, ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, மாமியோடை ஒரு வெள்ளைக்காரர் வந்தார். முப்பத்தைஞ்சு வயசிருக்கும். ஆஸ்பத்திரியிலை பொயிலர் பாக்கிறவர். கையிலை ஒரு தகரப் பெட்டி பிஸ்கட். அண்டைக்கெண்டு ஹீட்டர் நிண்டு போச்சு. அவர் அப்பாட்டைக் கேட்டுப்போட்டு, போட்டிருந்த நல்ல கோட்டோடையே முழங்காலிலை இருந்து, பத்து நிமிசத்திலை திருத்திப்போட்டார். பிறகு கையைத் துடைச்சுக்கொண்டு எழும்பி, "உங்கள் தங்கச்சியைக் கலியாணம் கட்ட விரும்பிறன். நீங்கள் சம்மதிச்சால்தான் அவ சம்மதிப்பா" எண்டு இங்கிலிசிலை சொன்னார். அம்மா குசினி வாசலிலை அகப்பையோடை நிண்டபடி நிண்டா.

அப்பா அவரை அவமதிக்கேல்லை. எங்கடை ஆக்கள் அப்பிடிச் செய்யமாட்டினமே. "எங்கடை வழக்கத்திலை ஏழு தலைமுறை விசாரிச்சுத்தான் பொம்பிளை குடுக்கிறது. விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறம்" எண்டார்.

உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "சாதகம் பாத்துப் போட்டுச் சொல்லுறம்", "வீட்டிலை கதைச்சுப் போட்டுச் சொல்லுறம்" எண்ட மாதிரித்தான் இதுவும். இல்லையெண்டு சொல்லாமல் இல்லையெண்டு சொல்லுறது. தமிழ் மாப்பிள்ளையெண்டால் பிளேன்ரீயைக் குடிச்சிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருப்பான். இந்த மனிசன் சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இருந்து சின்னக் கொப்பி ஒண்டை எடுத்து, "ஏழு" எண்டு எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தி, "அம்மா பக்கம் பிரச்சினை இல்லை. அப்பா பக்கம் என்னட்டை ஒரு படம் மட்டும்தான் இருக்கு. கொஞ்சம் காலம் தருவியளோ?" எண்டு கேட்டார்.

அப்பா என்ன சொல்லுவார்? "ஓம்" எண்டார்.

அடுத்த கிழமை அந்தப் படத்தைக் கொண்டு வந்தார். சீருடை போட்ட ஒரு பெடியன், காது ரெண்டும் விரிஞ்சு நிக்குது. கனடாவிலை பிரெஞ்சு பேசிற பகுதியிலை இருந்து சண்டைக்கு வந்தவராம். மகன் பிறக்க முந்தியே சண்டையிலை செத்துப் போனாராம். படத்துக்குப் பின்னாலை பென்சிலாலை ஒரு பேரும், ஒரு கோயில் பற்றும், இங்கிலிசிலை பாரிஷ் எண்டுறது, எழுதியிருந்தது. அந்தப் பேரும் இவற்றை கடைசிப் பேரும் வேறை வேறை. அம்மாவின்ரை ஆக்கள் வளத்ததாலை அவையின்ரை பேர் எண்டு சொன்னார். அப்பா தலையாட்டினார். எங்களுக்கு அது ஒரு புதினமே இல்லை. எங்கடை பாஸ்போர்ட்டிலை அப்பான்ரை கடைசிப் பேர் ஒண்டு, என்ரை கடைசிப் பேர் வேறொண்டு. அதுக்குப் பள்ளிக்கூடத்திலை விளக்கம் சொல்லிச் சொல்லி என்ரை நாக்கு வறண்டு போச்சு.

ஆஸ்பத்திரிக்கு வாற பாதிரியார் ஒருத்தரைப் பிடிச்சு, அந்தப் பற்றுக் கோயிலின்ரை விலாசத்தைத் தேடி எடுத்தார். அப்பா அதிலையும் ஒரு சட்டம் போட்டார். "மறுமொழி எங்கடை விலாசத்துக்கு வரோணும். எங்கடை பிள்ளைதான் வாசிக்கோணும்." இடையிலை ஆரும் மாத்திப்போடக் கூடாதாம். நான் பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சு படிக்கத் தொடங்கி ரெண்டாம் வருசம். "என்ரை மகள் பிரெஞ்சு தண்ணி மாதிரி வாசிப்பாள்" எண்டு அப்பா அவருக்குச் சொன்னார். எனக்கு அப்ப பாணும் பட்டரும் வாங்க மட்டும்தான் தெரியும். அப்பா சந்தையிலை ஒரு பழைய அகராதி வாங்கித் தந்தார். அட்டை கிழிஞ்சு, உறை போட்ட தடிச்ச புத்தகம்.

தை மாதம் முதல் கடிதம் வந்தது. மெல்லிய தாள், ஊதா மை, ஒரு பக்கம் சரிஞ்ச எழுத்து. கோயில் பதிவுப் புத்தகங்களைப் பாக்கிற கிழட்டுக் கன்னியாஸ்திரி ஒருத்தி எழுதியிருந்தா. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாரும் ஹீட்டரைச் சுத்தி இருக்க, நான் எழும்பி நிண்டு வாசிச்சன். அந்தச் சிப்பாய் தங்கடை பற்றிலைதான் ஞானஸ்நானம் எடுத்தவர், கோயில் முற்றத்துக் கல்லிலை அவற்றை பேர் இருக்கு, தகப்பன் இன்னார், தாய் இன்னார், தொழில் கமம், தோட்டம் வயல் செய்யிறது.

"கமமோ?" அப்பா கதிரையிலை முன்னுக்கு வந்தார். "காணி சொந்தமோ குத்தகையோ?"

வந்தவரும் கொப்பியை எடுத்து அதையும் எழுதினார். அதையும் கேட்டுக் கடிதம் போச்சு.

ரெண்டாவது கடிதம் மாசியிலை. காணி சொந்தமாம். ஆத்தங்கரையிலை தொடங்கிக் காடு மட்டும் ஒடுக்கமாய் நீட்டுக்குப் போற காணி, மகன்மாருக்கு நீளப்பாட்டிலை பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கிறதாம். அவ்வளவுதான், அப்பாக்குப் பித்துப் பிடிச்சுது. "பாத்தீரோ, தண்ணி எல்லாப் பங்குக்கும் வரோணும் எண்டுதான் அப்பிடிப் பிரிக்கிறது. விசயம் தெரிஞ்ச ஆக்கள்" எண்டு அவருக்கே அவற்றை பரம்பரையை விளங்கப்படுத்தினார். மாடிப்படிக்குக் கீழை மிஞ்சிக் கிடந்த செம்மஞ்சள் பூக் கடதாசிச் சுருளை எடுத்து, பின்பக்கம் திருப்பி நிலத்திலை விரிச்சு, நாலு மூலையிலும் பாரத்துக்கு மா ரின் வைச்சு, தமிழிலை கோடு போட்டு எழுதத் தொடங்கினார். பிரெஞ்சுக் கமக்காரர் எல்லாரும் அப்பான்ரை குண்டெழுத்திலை வரிசையாய் வந்து நிண்டினம். ஆம்பிளைப் பிள்ளையள் எல்லாரும் யோசேப்பு. பொம்பிளைப் பிள்ளையள் எல்லாரும் மரி. "இப்பிடிப் பேர் வைச்சால் மனிசன் எப்பிடி விசாரிக்கிறது?" எண்டு அப்பா ஏசினார். அப்பான்ரை வாயிலை இருந்து இல்லையெண்ட சொல்லு எப்ப போச்செண்டு அவருக்கே தெரியாது.

அந்தப் பதிவுகளிலை பொம்பிளையளின்ரை சொந்தப் பேரும், அவையின்ரை தாய் தேப்பன்ரை பேரும் இருந்தது. மாமி குனிஞ்சு அதைப் பாத்துப்போட்டு, "அண்ணை, எங்கடை அப்பாச்சின்ரை அம்மாவின்ரை பேர் என்ன?" எண்டு கேட்டா.

அப்பா செருமினார். பேனையை உதறினார்.

"ஏழு தலைமுறை கேக்கிற ஆளுக்கு மூண்டாவதே முட்டுது" எண்டு அம்மா குசினிக்குள்ளை இருந்து சொன்னா.

எண்டாலும் அப்பா மசிஞ்சிட்டார். கந்தோர்ச் சிநேகிதருக்கு ரெலிபோனிலை, "மாப்பிள்ளை பகுதி நல்ல கமக்காரர். சொந்தக் காணி" எண்டு சொல்லத் தொடங்கினார். அம்மா எனக்குக் கண்ணைக் காட்டி, "நிறத்தை விட்டால் எங்கடை ஆக்கள்தானாம்" எண்டா. சாதி எண்ட சொல்லை அந்த வீட்டிலை ஆரும் வாயாலை சொல்லேல்லை. ஆனால் பனி கொட்டிற நாட்டிலை உழுத மனிசருக்கும் அப்பா சாதி பாத்து முடிச்சிட்டார் எண்டது எனக்கு அந்த வயசிலையே விளங்கினது. அப்ப அது பகிடி. இப்ப நினைக்க வெக்கமாயிருக்கு. அந்த வெக்கம் எனக்கும் சேர்த்துத்தான், ஏன் எண்டு வாறன்.

பங்குனியிலை ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வர, கதவடி விரிப்பிலை மூண்டாவது கடிதம் கிடந்தது. ரெண்டு தாள். உடுப்பும் மாத்தாமல் அகராதியோடை கட்டிலிலை இருந்தன். முதல் தாளிலை முழுப் பரம்பரையும் இருந்தது. சிப்பாயிலை தொடங்கி, பிரான்சிலை இருந்து கப்பலிலை வந்த முதல் ஆள் மட்டும். ஒன்பது தலைமுறை. கேட்டது ஏழு, வந்தது ஒன்பது. நான் கட்டிலிலை துள்ளினன்.

பிறகு ரெண்டாவது தாளை எடுத்தன். அதிலை தொடக்கத்து வரிகளுக்கு அகராதியே தேவைப்படேல்லை. நான் முதல் வருசம் படிச்ச சொல்லுகள்தான். சிப்பாயின்ரை அப்பப்பாவின்ரை ஞானஸ்நானப் பதிவிலை, அப்பா, தெரியாது, அம்மா, தெரியாது. கோயில் வாசலிலை ஆரோ விட்டிட்டுப் போன பிள்ளை. பிள்ளையில்லாத ஒரு கமக்காரனும் மனுசியும் எடுத்து வளத்து, பேரும் குடுத்து, காணியும் குடுத்தவை. ஆகவே முதல் தாளிலை எழுதினது பேரின்ரை பரம்பரை, இரத்தத்தின்ரை பரம்பரை இல்லை எண்டு கன்னியாஸ்திரி எழுதியிருந்தா.

அதுக்குக் கீழை இன்னும் அரைப் பக்கம் இருந்தது. நான் வாசிக்கேல்லை. "அப்பன் பேர் தெரியாதவன்" எண்டு எங்கடை ஆக்கள் எப்ப சொல்லுவினம் எண்டு பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு வடிவாய்த் தெரியும். அது விளக்கமில்லை, ஏச்சு. அப்பா செம்மஞ்சள் கடதாசியைச் சுருட்டுறது எனக்குக் கண்ணுக்கு முன்னாலை தெரிஞ்சுது. மாமி அண்டைக்குக் காலமைதான் என்னட்டை வந்து, வெக்கப்பட்டுக்கொண்டு, சூட்கேஸ் திறப்பு இன்னும் இருக்கோ எண்டு கேட்டவ. நான் லாச்சியைத் திறந்து எடுத்துக் குடுத்தனான். அவ சேலையை வெளியிலை எடுத்துக் கதிரையிலை விரிச்சிருந்தா.

ரெண்டாவது தாளை நாலாய் மடிச்சு, அகராதியின்ரை உறைக்குள்ளை செருகினன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஹீட்டரைச் சுத்தி இருந்தினம். அவர் தன்ரை ரெண்டு கையையும் முழங்காலிலை துடைச்சுத் துடைச்சு, என்ரை வாயையே பாத்துக்கொண்டிருந்தார். ஹீட்டர் சூடாக்கும் எண்டு நினைச்சன். நான் முதல் தாளைக் கடைசி வரி மட்டும் வாசிச்சன்.

"அவ்வளவுதானோ?" எண்டு அப்பா கேட்டார்.

"அவ்வளவுதான்."

அப்பா எழும்பிப் போய் அவற்றை கையைப் பிடிச்சார். "ஒன்பது தலைமுறை! சரி, நாள் பாப்பம்." மாமி குசினிக்குள்ளை ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப் பிடிச்சு அழுதா. அவர் கண்ணை மூடிக்கொண்டு கதிரையிலை பின்னுக்குச் சாய்ஞ்சார். சந்தோசம் எண்டு நினைச்சன். கடிதங்கள் எல்லாத்தையும் அப்பா அவர் கொண்டுவந்த பிஸ்கட் பெட்டிக்குள்ளை போட்டு, சீதனம் குடுக்கிற மாதிரி அவரிட்டையே குடுத்தார்.

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணம் செய் எண்டு சொல்லுவினம். நான் ஒண்டுதான் சொன்னனான். கலியாணம் நல்லாய் நடந்தது. வேட்டி ரெண்டு தரம் அவிழ்ந்தது, அது வேறை கதை. நாப்பது வருசத்துக்கு மேலை மாமியை அவர் கையிலை வைச்சுத் தாங்கினார். மாமியிட்டைத் தமிழும் படிச்சார். மாமி சொல்லுற மாதிரியே எல்லாரையும் "குஞ்சு" எண்டு கூப்பிடுவார். எங்கடை இல்லையெண்ட சொல்லை எப்பிடிச் சொல்லுறதெண்டும் மாமி பிறகு விளங்கப்படுத்தி இருக்கிறா. அதிலையிருந்து அது அவற்றை பகிடி. பிள்ளையள் ஐஸ்கிரீம் கேட்டால் முகத்தை இறுக்கமாய் வைச்சுக்கொண்டு, "விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன்" எண்டுவார். பத்து நிமிசத்திலை ஐஸ்கிரீமோடை வருவார். சில நாள் வரவும் மாட்டார். எதெண்டு அவற்றை முகத்திலை தெரியாது.

"ஒருக்கால் அந்தக் கமத்தைப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்" எண்டு அப்பா சாகுமட்டும் அவரை நச்சரிச்சார். அவர் சிரிச்சுக்கொண்டு, பிளேன் ஏறப் பயம் எண்டுவார். அப்பாவும் கண்ணை மூடிட்டார், அம்மாவும் போட்டா. லூயிஷாம் வீட்டை விக்கேக்கை மாடிப்படிக்குக் கீழை தேடினன். செம்மஞ்சள் பூச் சுருளைக் காணேல்லை. அகராதி மட்டும் என்னோடை வீடு வீடாய் வந்து, கடைசியிலை கிங்ஸ்பரியிலை என்ரை அலுமாரிக்கு மேலை இருந்தது. மூண்டு வருசத்துக்கு முந்தி சின்ன மாமியும் போட்டா. அவவுக்குக்கூட நான் சொல்லேல்லை.

போன மாதம் மாமியின்ரை பேத்தி ரெலிபோன் எடுத்தாள். தாத்தாவை இந்தச் சமர் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறாளாம், அந்தக் கமத்தைப் பாக்க. பிஸ்கட் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் போனுக்குக் காட்டி மொழிபெயர்த்திருக்கிறாள். நான் கிழமைக்கணக்காய் மண்டையை உடைச்ச பிரெஞ்சு அதுக்கு ஒரு கண் இமைக்கிற நேரம்.

"மாமி, லாஸ்ட் லெட்டர்லை சைன் இல்லை. எ பேஜ் இஸ் மிஸ்ஸிங். டூ யூ நோ எனிதிங்?"

"விசாரிச்சுப் பாக்கிறன் பிள்ளை" எண்டு வைச்சிட்டன். என்ரை வாயிலை என்ன வந்ததெண்டு பாருங்கோ.

அலுமாரிக்கு மேலை இருந்து அகராதியை இறக்கினன். உறைக்குள்ளை தாள் இருந்தது. அண்டைக்குத்தான், என்ரை வாழ்க்கையிலை முதல் தரமாய், அந்தக் கீழ் அரைப் பக்கத்தை வாசிச்சன். வாசிச்சுப்போட்டுக் கட்டிலிலை குந்தினவள், இருட்டிற மட்டும் எழும்பேல்லை.

அடுத்த நாள் ட்ரெயினிலை ஏறி, கனரி வோர்ஃபிலை மாறி, லூயிஷாமிலை மாமாவும் மாமியும் வாங்கின வீட்டுக்குப் போனன். வழி முழுக்க தாளை வைச்ச கைப்பை எனக்குப் பாரமாயிருந்தது. மாமா இஞ்சித் தேத்தண்ணி போட்டு வைச்சிருந்தார். எண்பது தாண்டினாலும் பொயிலர்காரன்ரை கை, நடுங்கிறேல்லை. நான் அழாமல் சொல்லோணும் எண்டு போனனான், கதிரையிலை இருக்கவே அழுதிட்டன். எல்லாத்தையும் சொல்லி, தாளை மேசையிலை வைச்சன்.

"வாசி, குஞ்சு" எண்டார்.

சிப்பாயின்ரை அப்பப்பாவின்ரை பகுதியை வாசிச்சன். அப்பா, தெரியாது. அம்மா, தெரியாது. திரும்பவும் வாசிக்கச் சொன்னார். வாசிச்சன். அவர் எழும்பி மேலை போய், ஒரு பழைய பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவந்து என்ரை முன்னாலை வைச்சார். தகப்பன் பேர் எழுதிற இடத்திலை ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

"என்ரை அம்மாவும் அவரும் கலியாணம் கட்டேல்லை. அதுதான் எனக்கு அம்மாவின்ரை பேர். வெள்ளைக்காரர் உடனை கண்டுபிடிச்சிருப்பினம். உங்கடை வீட்டிலை ஒருத்தரும் கேக்கேல்லை. உன்ரை மாமிக்கு மட்டும் தெரியும். அண்டைக்கு நீ வாசிக்கேக்கை, கடைசிக் கடிதத்திலை அது வந்திடும் எண்டு உன்ரை வாயையே பாத்துக்கொண்டிருந்தனான்."

ஒரே ஹீட்டருக்கு முன்னாலை, ஒரே பயத்தை, ரெண்டு பேரும் ஆளுக்காள் ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறம்.

"ஒன்பது தலைமுறையிலை இப்பிடிப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான் எண்டு நினைச்சன். எந்த முகத்தோடை அங்கை போறது? அதுதான் போகேல்லை. பிளேன் பயமில்லை, குஞ்சு." அவர் விரலாலை அந்தப் பழைய ஊதா மையைத் தொட்டார். "இவரை எனக்குத் தெரிஞ்சிருந்தால் போயிருப்பன்."

நான் அப்பான்ரை கண்ணாலை பாத்து, அவமானம் எண்டு ஒளிச்சது, இந்த மனிசனுக்கு ஒரு துணையாய் இருந்திருக்கும்.

"இன்னும் இருக்கு, மாமா" எண்டன்.

வாசிச்சன். "எங்கள் புத்தகங்களில் இந்தச் சிப்பாய்க்குக் கலியாணப் பதிவு இல்லை. அவருடைய தங்கை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கலியாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீடு வாசலில் விட்ட பிள்ளையின் வீடு என்கிறாள். தன் அண்ணனுடைய காது பிள்ளைக்கு இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறாள். வரச் சொல்லி எழுதும்படி கேட்டாள். வருவாரா?"

அதுக்குக் கீழை கையெழுத்து.

மாமா தன்னையறியாமல் கையை எடுத்துக் காதிலை வைச்சார். நானும் அப்பதான் பாத்தன், இவ்வளவு காலம் பாத்த காதுதான், விரிஞ்சு நிக்குது. தகப்பன்ரை தங்கச்சிக்கு எங்கடை முறையிலை என்ன பேர் எண்டு அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"நீ இதை அண்டைக்கு வாசிச்சிருந்தால் எனக்கு உன்ரை மாமி கிடைச்சிருக்க மாட்டா" எண்டார். கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைச்சார். "வாசிக்காததாலை எனக்கு என்ரை மாமி கிடைக்கேல்லை."

தேத்தண்ணி ஆறிப் போச்சு. நான் அவற்றை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டன். "மாமா, என்னை மன்னிப்பியளோ?"

அவர் தாளைப் பழைய மடிப்பிலையே நாலாய் மடிச்சு, சட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சார். என்னை நிமிர்ந்து பாத்தார். முகம் இறுக்கமாய்த்தான் இருந்தது.

"விசாரிச்சுப் போட்டுச் சொல்லுறன், குஞ்சு" எண்டார்.

வாற மாதம் அவரும் பேத்தியும் போகினம்.